குதிரை வணிகரின் அங்கி

ஜனவரி 6, திங்கள்

மூன்று ராஜாக்கள் திருநாள். காலைப் பூசைக்குப் போய் வந்தேன். பாடகர் குழு இன்றும் சுருதிக்குக் கீழேதான் பாடியது.

பதினொரு மணிக்கு ஜுலைகா வந்தாள். கான்வென்டில் ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். பிறகு வரலாற்றுப் பேராசிரியை ஆனாள். ஓய்வு பெற்ற பின்னும் பாடம் நடத்துவதை நிறுத்தவில்லை. அவள் நடத்தும் காயல் துறை வரலாற்று வட்டம் அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி, பழையகாயல் கடற்கரையில், ஒரு பகல் முழுவதும் எழுநூறு வருடம் பின்னால் போகப்போகிறது. முத்துக் குளிப்பவர், சுங்க அதிகாரி, நெல் வியாபாரி, காவலர் என்று நாற்பது பேர் அந்தக் காலத்து உடையில் வருவார்கள். உடை கையால் செய்ததாக இருக்க வேண்டும். மெஷின் தையல், ஜிப், பித்தான், கொக்கி எதுவும் கூடாது. மூக்குக் கண்ணாடிக்கு மட்டும் அனுமதி உண்டு. இல்லாவிட்டால் பாதிப் பேர் நேராகக் கடலுக்குள் நடந்துவிடுவார்கள் என்றாள்.

பெயர்ப் பட்டியலை மேசையில் விரித்தாள். பன்னிரண்டாவது வரி: ‘குதிரை வணிகர் – சில்வேஸ்டர் கொரைரா.’ என் கணவர் போன மார்ச்சில் காலமானார். அதற்கு இரண்டு மாதம் முன்பு பெயர் கொடுத்திருக்கிறார். வரி அடிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

“இத அடிக்க வேண்டாமா?” என்றேன்.

“வேற ஆள் கெடச்சா பேர மட்டும் மாத்துவேன். கெடைக்கலன்னா குதிரை வணிகரே இல்லாம நடத்திருவோம்,” என்றாள். பேசிக்கொண்டே டீக் கோப்பையை அந்த வரியின் மேல் வைத்தாள். கறை படியுமே என்று நான் கோப்பையை நகர்த்தினேன்.

எனக்கும் ஓர் இடம் கேட்டுக்கொண்டேன்: முத்து வணிகரின் மனைவி. காரணம் ஊசி வேலை மட்டுமே. அவள் காட்டிய ஒத்திகைப் படங்களில் இரண்டு பேரின் துணி ஓரத்தில் மடிப்புத் தையல் பல் இளித்தது. அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியாது.

ஜனவரி 8, புதன்

முழுக்கை ரவிக்கை, உயர்ந்த கழுத்து, கழுத்தைச் சுற்றி முத்துச் சிப்பி வேலைப்பாடு என்று முடிவு செய்தேன். வெட்டியாயிற்று. கான்வென்டில் தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் கொலம்பா எங்கள் தையலின் மேல் அடிமட்டம் வைத்து எண்ணுவார். அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல். பதினொன்று இருந்தால் பிரித்துவிட்டு, அதற்காகத் தனக்கு நன்றி சொல்லச் சொல்வார். இரண்டாண்டுகள் மாவட்டப் பரிசு எனக்குத்தான் வந்தது.

ஊசியில் நூல் கோக்க இருபது நிமிடம் ஆயிற்று. இந்த வீட்டில் வெளிச்சம் குறைந்துவிட்டது.

ஜனவரி 10, வெள்ளி

ரெஜினா வந்தாள். சில்வேஸ்டரின் தங்கை, இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். கையில் மீன், வாயில் செய்தி, எப்போதும்போல. கட்டிலில் கிடந்த துணியைப் பார்த்துவிட்டாள்.

“அண்ணன் போயி வருசங்கூடத் திரும்பல. மைனி வேசம் கட்டப் போறாவன்னு ஊரு சொல்லும்.”

ஊர் என் தையலைப் பற்றி மட்டும்தான் பேசும், அதிலும் குறை சொல்ல முடியாது என்றேன். அவள் ரவிக்கையை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தாள். ஓரங்களில் இரண்டு அங்குலம் துணி உள்ளே மடிந்திருப்பதைக் கண்டு, முத்து வணிகரின் மனைவி இன்னும் எவ்வளவு பெருக்கப் போகிறாளாம் என்று கேட்டாள். ரவிக்கையின் உள்ளே துணி விடாமல் தைப்பவள் தையல்காரியே அல்ல. உடம்பு மாறும்; பிரித்துவிட்டுக்கொள்ளலாம். இதை அவளுக்கு நாற்பது வருடமாகச் சொல்கிறேன்.

ஆறு சாளை மீன். சுத்தம் செய்தே கொண்டு வந்திருந்தாள்.

ஜனவரி 15, புதன்

ரவிக்கை முடிந்தது. குறை இல்லை.

ஜனவரி 16, வியாழன்

ஜுலைகாவின் வீட்டுக்கு ரவிக்கையை எடுத்துப் போனேன். ஜன்னலருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். கழுத்து வேலைப்பாட்டை விரலால் தடவினாள். பிறகு மடித்து என் மடியில் வைத்தாள்.

“பிரேசி, இவ்வளவு நல்ல தையல நான் பாத்ததில்ல. ஆனா இது வராது.”

“ஏன் வராது? கையால தச்சது.”

“அதான். அந்தக் காலத்துல இந்தக் கரையில யாரும் அநேகமா தச்ச துணியே போடல. ராணிக்கும் சுத்திக் கட்டுற துணிதான். வெளிநாட்டுலேருந்து வந்த ஒரு பயணி, இந்தத் தேசம் பூராத் தேடினாலும் ஒரு தையக்காரன் கெடைக்க மாட்டான்னு எழுதி வச்சுட்டுப் போயிருக்கான்.”

தோள் தெரிய ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு கடற்கரையில் நிற்கச் சொல்கிறாயா என்று கேட்டேன். மேலே ஒரு போர்வை போட்டுக்கொள்ளலாம் என்றாள். எழுபத்து மூன்று வயதில் நான் துண்டும் கட்டமாட்டேன், போர்வையும் போர்த்தமாட்டேன் என்று சொல்லி, ரவிக்கையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆட்டோ கிடைக்கவில்லை. நடந்தே வந்தேன்.

தையல்காரர் இல்லாத தேசமாம். போயும் போயும் அந்தக் காலமா கிடைத்தது இவளுக்கு?

ஜனவரி 17, வெள்ளி

ரவிக்கையை ரெஜினாவிடம் கொடுத்தேன். அவள் என்னைவிடப் பருமன். இரு பக்கமும் பிரித்துவிட்டதும் அளவாகப் பொருந்தியது. உள்ளே விட்ட துணியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

பீரோவைச் சுத்தம் செய்தேன். அடித்தட்டில் நாலரை மீட்டர் பாசிப் பச்சைத் துணி இருக்கிறது. நல்ல கனம். எதற்கு வாங்கியதோ. இருந்த இடத்திலேயே வைத்தேன்.

ஜனவரி 18, சனி

ஜுலைகா தொலைபேசியில் அழைத்தாள். மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அவளுக்குப் பள்ளிக்கூடத்திலும் இருந்ததில்லை. நேராக விஷயத்துக்கு வந்தாள். அந்தத் துறையில் தைத்த உடை போட்ட ஒரே கூட்டம், அரபுக் கரையிலிருந்து கப்பலில் குதிரை கொண்டுவந்தவர்கள்தானாம். முழங்காலுக்குக் கீழே வரும் நீண்ட அங்கி, நீளக் கை, ஒரு பக்கம் மேல் ஒரு பக்கம் மடிந்து நாடாவால் கட்டுவது. டெலஸ்போர் பர்னாந்து குதிரை வணிகராக நிற்கச் சம்மதித்துவிட்டார். அங்கி தைக்கத்தான் ஆள் இல்லை. ஆள் கிடைத்தால் குதிரை வணிகரின் பன்னிரண்டாவது வரி நிற்கும். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை அடித்துவிடுவாள்.

டெலஸ்போர் எங்களுக்கு நாற்பது வருடப் பழக்கம். துறைமுக அலுவலகத்தில் இருந்தவர். ஞாயிறுதோறும் சில்வேஸ்டருடன் சீட்டு விளையாடித் தோற்பவர்.

தைக்கிறேன் என்றேன். டெலஸ்போருக்காகத்தான்.

ஜனவரி 20, திங்கள்

துணி வீட்டிலேயே இருந்ததால் கடைக்குப் போகவில்லை. அந்தப் பாசிப் பச்சை. உதறியபோது உள்ளே மடித்து வைத்த ஒரு காகிதம் விழுந்தது. சில்வேஸ்டர் பேனாவால் ஓர் அங்கி வரைந்திருந்தார். பக்கத்தில் ஒரு குதிரை. நாய் மாதிரி இருக்கிறது. இழுவைப் படகின் கேப்டனாக இருந்தவருக்கு வரைய வருமா? குதிரையைத் தவிர்த்துப் பார்த்தால் அங்கியின் வடிவம் சரிதான். ஜுலைகா சொன்னதுபோலவே.

பத்து மணிக்கு வெட்ட உட்கார்ந்தேன். பன்னிரண்டுக்கு முடிந்தது. நேர் துண்டுகள் ஆறு, பக்கங்களில் விரிவுக்கு முக்கோணம் நான்கு. கத்தரி தடங்கலின்றிப் போயிற்று. அளவு நாடா தேவைப்படவே இல்லை.

ஜனவரி 23, வியாழன்

வலது பக்கமும் முதுகும் இணைந்தன. அங்குலத்துக்குப் பன்னிரண்டு. பக்கத்து வீட்டு மாமரம் வளர்ந்துவிட்டதோ என்னவோ, மூன்று மணிக்கே இருட்டுகிறது. நூல் கோக்கும் நேரம்தான் தைக்கும் நேரத்தைவிட அதிகம்.

ரெஜினா வந்து ஒரு மணி நேரம் பேசினாள். எதிர்வீட்டுச் சம்பந்தம், பங்குச் சாமியாரின் புது மோட்டார் சைக்கிள். யாருக்கு இந்தக் கோட்டு என்று கேட்டதற்கு டெலஸ்போருக்கு என்றேன். சரி என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு அது மிகக் குறைவான பேச்சு.

அவள் போன பின் ஜன்னல் திரைச்சீலையில் எட்டு ஊசிகள் வரிசையாகக் குத்தியிருந்தன. எல்லாவற்றிலும் நூல் கோத்திருந்தது. நானே கோத்து வைத்துவிட்டு மறந்திருப்பேன்.

ஜனவரி 25, சனி

இன்றும் எட்டு ஊசி.

ஜனவரி 28, செவ்வாய்

கை இரண்டும் பொருத்தியாயிற்று.

ஒரு விஷயத்தைச் சரிபார்க்க வேண்டியிருந்ததால் போன வருட நாட்குறிப்பை எடுத்தேன். பிப்ரவரி 17. அன்று நான் எழுதியது முழுவதும் இவ்வளவுதான்: ‘நெய்மீன் கிடைக்கவில்லை. சில்வேஸ்டர் ஏதோ கோட் தைத்துத் தரச் சொன்னார். மாட்டேன் என்றேன். வெயில்.’

மாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை. எழுபத்தாறு வயதில் வேஷம் போட்டுக் கடற்கரையில் குதிப்பவருக்குத் தைக்கவா சிஸ்டர் கொலம்பாவிடம் படித்தேன் என்று கேட்டேன். அவர் சிரித்தார். மறுவாரம் துணியோடு வந்தார். என்னிடம் காட்டாமல் பீரோவில் வைத்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நானாக எடுப்பேன் என்று காத்திருந்தார். மூன்று வாரம் காத்திருந்தார்.

விளிம்பு மடிப்பு பாக்கி. நாடா ஆறு.

ஜனவரி 31, வெள்ளி

அங்கி முடிந்தது. கதவில் மாட்டிவிட்டு, நாற்காலியை எதிரே போட்டு உட்கார்ந்து சரிபார்த்தேன். இடது தோளில் ஓரிடத்தில் பதினொன்று. பிரித்துத் திரும்பத் தைத்தேன். சிஸ்டர் கொலம்பாவுக்கு நன்றி சொன்னேன், வழக்கப்படி.

பிப்ரவரி 2, ஞாயிறு

மெழுகுதிரித் திருநாள். பூசை முடிந்து டெலஸ்போர் அங்கியைப் போட்டுப் பார்க்க வந்தார். ஜுலைகாவும் வந்தாள். ரெஜினா அழைக்காமலே வந்தாள்.

டெலஸ்போர் ஒரு கையை நுழைத்தார். விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. இன்னொரு கையை நுழைத்தார். அதுவும் அப்படியே. முன்பக்கம் மடித்துக் கட்ட முயன்றார். அங்கியின் இரு ஓரங்களுக்கும் நடுவே அவருடைய வயிறு ஒரு சாண் அகலத்துக்கு இருந்தது. கீழே விளிம்பு தரையைத் தொட்டது.

“மதினி,” என்றார் மெதுவாக, “ஒம்பதாம் தேதிக்குள்ள நான் வளரணுமா, கோட்டு வளரணுமா?”

ஜுலைகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. நான் அளவு நாடாவை எடுத்தேன். அங்கிக்கு மார்பு முப்பத்தாறு. தோள் பதினேழு. கை இருபத்து நாலு. டெலஸ்போரின் வயிறு மட்டும் நாற்பத்தெட்டு. உள்ளே விட்டிருந்த இரண்டு அங்குலத்தையெல்லாம் பிரித்தாலும் வராது. மிச்சத் துணி கைக்குட்டை அளவுதான்.

அளவு தவறிவிட்டது. என் வாழ்நாளில் முதல் தடவை. இத்தனை பேர் முன்னால் அதை ஒப்புக்கொண்டேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

டெலஸ்போர் இரண்டு கப் காப்பியும் நாலு மக்ரோனும் சாப்பிட்டுவிட்டு, இவ்வளவு நேர்த்தியான அங்கி தன் வயிற்றுக்குத் தோதில்லாமல் போனதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

பிப்ரவரி 3, திங்கள்

ஒரே வழி இருந்தது. பழைய கட்டில் விரிப்பு ஒன்று பச்சைதான், சற்று வெளிறியது. அங்கியின் இரு பக்கத்தையும் வெட்டிப் பிரித்து அந்தத் துணியை இடையில் கொடுத்தால் டெலஸ்போருக்கு ஆகும். கையையும் விளிம்பையும் வெட்டிக் குறைக்கலாம். ஆறு நாள் போதும். இல்லாவிட்டால் பன்னிரண்டாவது வரி போய்விடும்.

அங்கியை மேசையில் விரித்து, கத்தரியையும் எடுத்துவிட்டேன். அப்போது ரெஜினா உள்ளே வந்தாள். இன்று மீன் கொண்டுவரவில்லை.

“வெட்டாதிய மைனி,” என்றாள்.

டெலஸ்போருக்குச் சரியாக்க வேண்டும் என்றேன்.

“நேத்து அவரு போடும்போதே பாத்தேன். இது அண்ணன் அளவுல்லா.”

கத்தரியை அதன் உறையில் போட்டேன். அவள் கொஞ்ச நேரம் அங்கியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து திரைச்சீலையிலிருந்து ஊசிகளை எடுத்து, என் முன்னாலேயே, ஒவ்வொன்றாக நூல் கோத்தாள். எட்டு. அவளுக்கு என்னைவிட ஆறு வயது குறைவு. கண் நன்றாகத் தெரிகிறது.

“டாக்டர்ட்ட ஒரு தடவ கண்ணக் காட்டுவோமே மைனி,” என்றாள். கடற்கரை நிகழ்ச்சி முடியட்டும் என்றேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

வெட்டமாட்டேன் என்று ஜுலைகாவிடம் போய்ச் சொன்னேன். அங்கியையும் கொண்டுபோனேன், வரியை அடிக்கும்போது அவள் இதைப் பார்த்துக்கொண்டே அடிக்கட்டும் என்று.

அவள் பட்டியலை எடுக்கவில்லை. என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள். மாணவிகளை இப்படித்தான் பார்த்திருப்பாள்.

“ஒன் கல்யாணப் போட்டோவுல ஒன்னய ஏன் ஒரு படி கீழ நிக்க வச்சாங்க?”

தெரிந்துகொண்டே கேட்டாள். நானும் சில்வேஸ்டரும் ஒரே உயரம். பூ வைத்த கொண்டையோடு நான் உயரமாகத் தெரிந்தேன். மாமியாருக்கு அது பொறுக்கவில்லை.

“போட்டுப் பாரு,” என்றாள்.

ஒரு பெண்பிள்ளை குதிரை வணிகராக நிற்பதா, அதுதான் வரலாறா என்று கேட்டேன். கப்பலில் வந்தவர்களின் தாடிக்குள்ளே யார் இருந்தார்கள் என்று யாரும் பார்த்ததில்லை என்றாள். வரலாற்றுப் பேராசிரியை பேசும் பேச்சா இது?

போட்டுப் பார்த்தேன். நீளம் சரி. கை சரி. தோளில் மட்டும் பக்கத்துக்கு ஓர் அங்குலம் தொங்கியது. ஜுலைகாவின் வீட்டு நிலைக்கண்ணாடி பழையது, ரசம் போனது. அதில் முகம் தெளிவாகத் தெரியாது. அங்கி மட்டும்தான் தெரியும்.



பிப்ரவரி 6, வியாழன்

தோளை உள்ளே பிடித்தேன். துணியை வெட்டவில்லை, பெரிய பெரிய ஓட்டுத் தையல், அங்குலத்துக்கு மூன்று. நூலை உருவினால் பழைய அளவு வந்துவிடும்.

டெலஸ்போர் சுங்க அதிகாரி ஆகிவிட்டார். ஒரு வேட்டி, ஒரு துண்டு, ஒரு எழுத்தாணி. தையலே இல்லை. அவருக்குப் பெரிய நிம்மதி.

பிப்ரவரி 7, வெள்ளி

குதிரையைப் பார்க்கப் போனோம். காயல்பட்டினத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும் வெள்ளைக் குதிரை. பெயர் பாதுஷா. பாகன் காஜா பாய், சாதுவான பிராணி, கூட்டத்துக்குப் பழகியது என்று உறுதி சொன்னார். பாதுஷா என்னை முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது. கைக்குட்டை கொண்டு போயிருந்தேன்.

ஆட்டு மயிரில் செய்த ஒரு தாடியை ஜுலைகா நீட்டினாள். அங்கி ஒழுங்காக இருந்தால் தாடி எதற்கு என்று திருப்பிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்குக் கடற்கரை. நல்ல காற்று. மூங்கிலால் ஒரு வாசல் அமைத்திருந்தார்கள், அதுதான் சுங்கம். ஒவ்வொருவராக வந்து பெயரும் ஊரும் கொண்டுவந்த சரக்கும் சொல்லிவிட்டு உள்ளே போக வேண்டும். பார்வையாளர்கள் முந்நூறு பேராவது இருக்கும். பங்குச் சாமியார் மோட்டார் சைக்கிளை எழுநூறு வருடத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு வந்தார். ரெஜினா முன்வரிசையில், என் முழுக்கை ரவிக்கையில். பக்கத்திலிருந்தவர்களுக்குக் கழுத்து வேலைப்பாட்டைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

நான் ஒரு பெயரை மனப்பாடம் செய்திருந்தேன். ஜுலைகா கற்பனையாக எழுதிக் கொடுத்த வணிகரின் பெயர், ஊர், குதிரை எண்ணிக்கை எல்லாம். பாதுஷாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். முத்துக் குளிப்பவர்கள் போனார்கள். நெல் வியாபாரி போனார்.

டெலஸ்போர் மணையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பட்டியலைப் படித்தார். எழுத்தாணி ஜோடனைதான், உண்மையான பட்டியல் அதே காகிதம்.

“குதிரை வணிகர்,” என்றார். காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். ஜுலைகா பெயரை மாற்றவே இல்லை. வேண்டுமென்றே விட்டாளா, மறந்தாளா என்று நான் கேட்கவில்லை. அவள் எதையும் மறப்பவள் அல்ல.

டெலஸ்போர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நாற்பது வருடச் சீட்டுக் கூட்டாளி. “சில்வேஸ்டர் கொரைரா,” என்று படித்தார்.

மனப்பாடம் செய்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

“வந்துட்டாவன்னு எழுதுங்க,” என்றேன்.

அவர் எழுத்தாணியைக் கீழே வைத்தார். துண்டுக்குள்ளிருந்து பேனாவை எடுத்து அந்த வரிக்கு நேரே ஒரு குறி போட்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பேனா கூடாது. ஜுலைகா பார்த்துவிட்டு, மேளக்காரர்களுக்குக் கை காட்டினாள்.

வாசலைத் தாண்டியதும் வரவேற்பு மேளம் முழங்கியது. இது யாருக்கும் தோன்றாமல் போனது எப்படி என்று தெரியவில்லை. பாதுஷாவுக்கு மேளம் என்றால் மாப்பிள்ளை ஊர்வலம். முன்னங்கால் இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கி, தலையை ஆட்டி, ஆட ஆரம்பித்துவிட்டது. காஜா பாய் ஓடி வந்தார். மேளக்காரர்கள், இது நிகழ்ச்சியில் உள்ளது என்று நினைத்து இன்னும் வேகமாக அடித்தார்கள். கயிறு என் கையில். விட்டால் கூட்டத்துக்குள் போகும். பிடித்தால் அதோடு போக வேண்டும். பிடித்தேன். அது இடப்பக்கம் இரண்டு எட்டு வைத்தால் நானும் வைத்தேன். வலப்பக்கம் வைத்தால் நானும். அங்கியின் பக்கத்து முக்கோணங்கள் காற்றில் நன்றாக விரிந்தன. நடப்பவருக்கென்றே வெட்டியது, ஆடுபவருக்கும் பொருந்துகிறது. முந்நூறு பேரும் கை தட்டினார்கள். ரெஜினா பெஞ்சின் மேல் ஏறிநின்று, அது தன் மைனி என்று எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தாள்.

எழுபத்து மூன்று வயதில் கடற்கரையில் குதித்தேன். அந்த வார்த்தையை முதலில் சொன்னது நான்தான். ஆகவே நானே எழுதுகிறேன்.

தையல் ஒன்றுகூட விடவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

கால் வலி. தைலம் தேய்த்துக்கொண்டேன். வியாழக்கிழமை கண் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள் ரெஜினா, கூட வருகிறாள்.

அங்கியின் வலது கையில் குதிரை எச்சில் பட்டிருந்தது. அந்த இடத்தை மட்டும் அலசி நிழலில் போட்டேன். காய்ந்ததும் தோளில் பிடித்திருந்த ஓட்டுத் தையலை உருவிவிட்டு, மடிக்காமல் மாட்டி வைத்தேன்.

நெய்மீன் கிடைத்தது. சில்வேஸ்டர் கேட்ட கோட் தைத்தாயிற்று. வெயில்.